மிச்சமிருந்த மூன்று நிமிடம்

குடியாத்தம் தாண்டியதும் ஒருவர் பாட ஆரம்பித்தார். ஏலகிரி எக்ஸ்பிரஸ், இரவு நேரம். சென்னையில் வேலையை முடித்துக்கொண்டு ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை என்று ஊர் திரும்புகிறவர்கள் பாதித் தூக்கத்தில் இருந்தார்கள். பாடியவருக்குப் பார்வையில்லை. தோளில் தொங்கிய ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து இசை வர, சீட்டுக் கைப்பிடிகளைத் தடவித் தடவி நடந்துகொண்டே பாடினார். முதல் இரண்டும் இளையராஜா பாட்டு. குரல் நன்றாகவே இருந்தது. யாரும் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மூன்றாவதாக 'சுராங்கனி'யை எடுத்தார். எதிர் சீட்டில் டிபன் பையை மடியில் அணைத்துத் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் கண்ணைத் திறக்காமலேயே தொடையில் தாளம் போட்டார். ஜன்னலோரத்து அம்மா ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், யாரும் கேட்காமலே சொன்னார்: "எங்க சின்ன மாமா கல்யாணத்துல மைக்செட்டுல இதத்தான் திரும்பத் திரும்பப் போட்டாங்க. மேல்பட்டியில. நான் மஞ்சப் பாவாட கட்டிக்கினு இருந்தேன். பாயசத்த மேல ஊத்திக்கினு அடி வாங்குனேன்." நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாயசம். நானும் வாய்க்குள் பாடிக்கொண்டே போனேன். பாட்டின் நடுவில் ஓரிடத்தில் என் வாய் நின்றுவிட்டது. அவர் மேலே பாடிக்கொண்டு போனார். எனக்கு அதற்கு மேல் வரவில்லை.

ஜோலார்பேட்டையில் இறங்கி வீட்டுக்கு நடக்கும்வரை இதே யோசனை. எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தாலும் இளையராஜாவின் பாட்டு பெரிய பாட்டு. அதைக் கேட்டு அழுதவர்கள், காதலித்தவர்கள், தூங்கியவர்கள் கணக்கில் அடங்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு குறிப்பிட்ட கல்யாணத்தை, ஒரு குறிப்பிட்ட நிறப் பாவாடையைக் கையைப் பிடித்து இழுத்து வந்தது, தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்கு அந்த ஒரு பாட்டால் மட்டுமே தெரிந்த ஒரு பாடகரின் பாட்டு. இது தற்செயலாக இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. படிக்கப் படிக்க, நினைவைப் பற்றிய அறிவியலும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு கேசட் இருந்தது. அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். சென்னையிலிருந்து வரும் வண்டி பெங்களூருக்கா சேலத்துக்கா என்று பிரிகிற இடத்தில் வேலை. எண்பதுகளில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து அவர் பதிய வைத்த கேசட் அது. இன்றைய பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாட்டைச் சொன்னால்தான் தெரியும். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் ஏ பக்கம், பி பக்கம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். கடைக்கார அண்ணன் ஒவ்வொன்றாக இசைத்தட்டிலிருந்தோ வேறு கேசட்டிலிருந்தோ எடுத்துப் பதிவார். இரண்டு மூன்று நாள் கழித்துப் போனால் அட்டையில் அழகான கையெழுத்தில் பட்டியல் எழுதிக் கைக்கு வரும். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். கேட்ட பாட்டெல்லாம் ஏற்றியபின் கடைசியில் கொஞ்சம் நாடா மிச்சமிருக்கும். காசு வாங்கிய கேசட்டை வெறுமையாக விட்டுக் கொடுக்க அந்த அண்ணனுக்கு மனசு வராது. தன் இஷ்டத்துக்கு ஒரு பாட்டைப் போட்டு நிரப்பிவிடுவார். அப்பா கேசட்டின் பி பக்கக் கடைசியில், 'டக்' என்று பொத்தான் அமுங்கும் ஓசைக்குப் பின்னால் வந்தது சுராங்கனி. அட்டையில் அதன் பெயர் இல்லை.

சிலோன் மனோகர் என்று நாம் சொல்லும் ஏ.ஈ. மனோகரன் இலங்கைத் தமிழர். அங்கே எழுபதுகளில் எழுந்த ஓர் அலையின் முன்வரிசைக்காரர். பாப் இசையை அவர்கள் பொப்பிசை என்றார்கள். துள்ளிசை என்று அழகான தமிழ்ப் பெயரும் வைத்தார்கள். துள்ளலுக்குக் காரணம் பைலா தாளம். 16-ஆம் நூற்றாண்டில் இலங்கைக் கடற்கரைக்கு வந்த போர்ச்சுகீசியரும், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுச் சென்ற ஆட்டத் தாளம் அது. ஆடுதல் என்று பொருள்படும் போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்தது பெயர். ஆறு எட்டு நடையில், ஒவ்வொரு மூன்று தட்டுக்கும் உடம்பு ஒரு பக்கம் சாயும். இந்தத் தாளத்தின் மேல் சிங்களமும் தமிழும் கலந்து, சுராங்கனிக்கு மீன் கொண்டுவருகிற சின்ன விஷயத்தை ஏற்றிவைத்தார் மனோகரன். 1977-இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா இசையில் அதன் ஒரு வடிவம் சினிமாவுக்கும் வந்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் இதே காலத்தில் கடல் தாண்டி வந்து இங்கே கல்யாண வீடுகளில் குடியேறியது.

மனோகரனையும் நித்தியையும் ஒற்றைப் பாட்டுக்காரர்கள் என்று இலங்கையில் யாரிடமாவது சொன்னால் சண்டைக்கு வருவார்கள், வர வேண்டியதுதான். அங்கே அவர்களுக்கு எத்தனையோ பாட்டு உண்டு. பாக் நீரிணையைத் தாண்டி இந்தக் கரைக்கு வந்துசேர்ந்தது ஒன்றிரண்டு. ஒற்றைப் பாட்டு என்பது பல சமயம் பாடியவரின் கணக்கைச் சொல்வதில்லை. கேட்டவர் எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்பதைச் சொல்கிறது.

எங்கள் ஊருக்கும் கொழும்புக்கும் நடுவே 600 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. இருந்தும் இலங்கை வானொலி டீக்கடை டிரான்சிஸ்டரில் கேட்டது. சிற்றலை நேர்கோட்டில் போனால் பூமியின் வளைவில் தப்பி வானத்துக்குப் போய்விடும். ஆனால் தரைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கு அப்பால், சூரிய ஒளி காற்றிலிருந்த எலெக்ட்ரான்களைப் பிரித்தெடுத்துப் போட்டிருக்கும் அயனி மண்டலம் ஒன்று இருக்கிறது. சிற்றலை அதில் பட்டு வளைந்து மறுபடி தரைக்கு இறங்கும். அந்த மண்டலம் சுவர் மாதிரி அசையாமல் நிற்பதில்லை. அடுக்கடுக்காக ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரே பாட்டு இரண்டு மூன்று வழியில் வந்து சேரும். அலைகள் ஒன்றோடொன்று கூடினால் சத்தம் ஏறும். ஒன்றையொன்று தின்றால் இறங்கிக் கரகரக்கும். அப்பா அதைத்தான் "பாட்டு மூச்சு வாங்கும்" என்பார். அவருடைய பதினெட்டு வயதின் சுராங்கனி இப்படி மூச்சு வாங்கி வந்த பாட்டு.

பாட்டையும் ஏக்கத்தையும் சேர்த்து முதலில் கவலைப்பட்டவர்கள் மருத்துவர்கள். 1688-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரை விட்டுப் போனவர்களுக்கு வரும் ஊரேக்கத்தை ஒரு நோயாக வர்ணித்து, வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து நாஸ்டால்ஜியா என்று பெயர் வைத்தார். பிற நாட்டுப் படைகளில் கூலிக்குச் சேர்ந்திருந்த ஸ்விஸ் வீரர்கள், மலையில் மாடு ஓட்டும்போது பாடும் ஒரு மெட்டைக் கேட்டால் அழுதுவிடுவார்கள், படையை விட்டே ஓடிவிடுவார்கள், அதனால் அதை அவர்கள் முன்னால் இசைக்கத் தடை இருந்தது என்று 18-ஆம் நூற்றாண்டில் ரூசோ தன் இசை அகராதியில் எழுதினார். அவர் அதோடு நிற்கவில்லை. அந்த மெட்டில் எந்த விசேஷமும் இல்லை, வெளியூர்க்காரருக்கு அது ஒன்றும் செய்யாது, அது இசையாக வேலை செய்யவில்லை, நினைவின் அடையாளமாகவே வேலை செய்கிறது என்றும் சொன்னார். இந்த விஷயத்தில் இதைவிடக் கூர்மையாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. மூளையைப் படம் பிடிக்கும் கருவிகள் வருவதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்னால் சொன்னது.

கருவிகள் வந்தபின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பீட்டர் யனாட்டா இதைச் சோதித்தார். மாணவர்களுக்கு அவர்களுடைய சிறுவயதிலும் வளரிளம் பருவத்திலும் பிரபலமாக இருந்த பாட்டுகளிலிருந்து அரை நிமிடத் துண்டுகளைப் போட்டுக் காட்டினார். சுமார் 30 சதவீதத் துண்டுகள் சொந்த வாழ்க்கையின் ஏதோ ஒரு நினைவைக் கிளப்பின. 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படிக் கிளம்பும்போது நெற்றிக்குப் பின்னால், நடுவாக்கில் இருக்கும் மூளைப் பகுதி கூடுதலாக இயங்குவதைக் கண்டார். பாட்டின் சுருதி நகர்வைப் பின்தொடர்வதும், 'இது என் கதை' என்று இனம் காண்பதும் அங்கே ஒன்று சேர்கின்றன. இந்த இனம் காணல் எவ்வளவு வேகம் என்பது இன்னொரு வியப்பு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் கிரம்ஹான்சல் பிரபலமான பாட்டுகளிலிருந்து 0.4 நொடித் துண்டுகளை வெட்டிக் கேட்க வைத்தார். கண்ணை இரண்டு முறை சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். அதில் கால் பங்குக்கு மேற்பட்ட முறை பாடியவர் பெயரையும் பாட்டின் பெயரையும் சரியாகச் சொன்னார்கள். அந்த நேரத்துக்குள் மெட்டு தொடங்கியிருக்கவே முடியாது. கைக்குக் கிடைப்பது ஒலியின் நிறம் மட்டும்: அந்த கிட்டார், அந்த அறை, அந்தத் தொண்டை.

எல்லாப் பாட்டுக்கும் இது பொருந்துமானால் ஒற்றைப் பாட்டுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு? இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு கருத்து வருகிறது. ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் நின்று "குமாரு" என்று கத்திப் பாருங்கள். பத்துப் பேர் திரும்புவார்கள். உங்கள் குமார் எவர் என்று கண்டுபிடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும். ஊரிலேயே ஒருவருக்குத்தான் உண்டு என்கிற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு தலைதான் திரும்பும். நினைவும் அப்படித்தான் கூப்பிடப்படுகிறது. 1975-இல் வாட்கின்ஸ் என்ற பெயருள்ள இருவர் சேர்ந்து இதைச் சொற்பட்டியல்களை வைத்து நிறுவினார்கள். ஒரு குறிப்பின் கீழே எத்தனை அதிகச் சொற்கள் தொங்குகின்றனவோ, அந்தக் குறிப்பைக் கொடுத்தால் அவற்றில் ஒவ்வொன்றும் நினைவுக்கு வரும் வாய்ப்பு அவ்வளவு குறைகிறது. குறிப்பின் மேல் சுமை ஏறிவிடுகிறது.

இதை இசைக்குக் கொண்டுவருவது என் ஊகம். ஆனால் தைரியமாகச் சொல்கிற ஊகம். எஸ்.பி.பி.யின் குரல் என் வாழ்க்கையில் எதன் மேல் படவில்லை? தாத்தா சாவு, பத்தாம் வகுப்பு ரிசல்ட், பஸ் பயணங்கள், சலூன், டென்டல் கிளினிக்கில் காத்திருந்த பொழுது, நேற்று இரவு. அந்தக் குரலைச் சொல்லிக் கூப்பிட்டால் எல்லா நாளும் சேர்ந்து திரும்பிப் பார்க்கின்றன. எந்த நாளும் தனியாக எழுந்து வருவதில்லை. ஒற்றைப் பாட்டு ஒரு பருவத்தில் ஊரெங்கும் ஒலிக்கிறது. டீக்கடை, மைக்செட், பஸ், எங்கே திரும்பினாலும் அதுதான். கேட்டுக் கேட்டு மனசில் ஆழமாகப் பதிகிறது. பிறகு சட்டென்று நின்றுவிடுகிறது. பாடியவரிடமிருந்து அடுத்த பாட்டு நம்மிடம் வந்துசேரவில்லை. வந்திருந்தால் ரேடியோக்காரர் அதோடு சேர்த்து இதையும் போட்டிருப்பார். அதற்குப் பின் வந்த வருஷங்கள் அதன் மேல் ஒட்டவே இல்லை. அந்த ஒரு பருவம் மட்டும் அதில் ஒட்டியிருக்கிறது. நாற்பது வருஷம் கழித்து ரயிலில் யாரோ பாடும்போது மேல்பட்டிக் கல்யாணம் ஒன்றுதான் திரும்புகிறது, பாயசத்தோடு.

தமிழுக்கு இது புதிதா என்ன? குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைப் பாடியவரின் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. அந்தப் பாட்டில் வரும் செம்மண்ணில் பெய்த மழைநீர் உவமையே பெயராகிச் செம்புலப் பெயல் நீரார் ஆனார். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். குப்பைக் கோழியார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்று ஒரு வரிசையே இருக்கிறது. தொகுத்தவர்கள் கையில் பாட்டு இருந்தது, பெயர் இல்லை; பாட்டுக்குள்ளிருந்தே பெயரை எடுத்துச் சூட்டினார்கள். கபிலரைச் சொன்னால் குறிஞ்சி முழுக்கக் கண்முன் வரும். எந்தப் பாட்டு என்று யோசிக்க வேண்டும். அணிலாடு முன்றிலார் என்றால் ஆளில்லாத வீட்டு முற்றத்தில் விளையாடும் ஓர் அணில்தான் வரும். "சுராங்கனி பாடினாரே, அவர்" என்று ரயிலில் அந்த அம்மா பிறகு சொன்னதும் இதே வழக்கம்தான். இதில் எனக்கு அவமரியாதை எதுவும் தெரியவில்லை. பாட்டே பெயராவது ஒரு பெரிய கௌரவம் என்று நினைக்கிறேன்.

எந்த வயதில் கேட்டோம் என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஐம்பது அறுபது வயதுக்காரர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால் பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை அளவுக்கு மீறிக் குவிகின்றன. வரைபடத்தில் அது ஒரு மேடு மாதிரித் தெரியும். முதல் சம்பளம், முதல் சைக்கிள், முதல் பிரிவு என்று எல்லா 'முதல்'களும் கிடக்கிற பருவம் அது. நான் இன்னார் என்று ஒருவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளக் கற்பதும் அப்போதுதான். பாட்டு இந்த மேட்டில்தான் வேர்பிடிக்கிறது.

வாசனையின் கணக்கு வேறு. எங்கள் தோல் பதனிடும் பகுதிக்காரர்கள் இதைச் சோதனையில்லாமலே சொல்வார்கள். ஆட்டுத் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்ட குழிகளிலிருந்து எழும் டேனரி வாடை, வாணியம்பாடியில் பஸ் கண்ணாடியைத் திறந்தாலே என்னை ஆறு வயதுக்குக் கொண்டுபோய்விடும். பாட்டி வீட்டுத் திண்ணை, கையில் ஐஸ். ஸ்வீடனில் வில்லாண்டர், லார்சன் என்ற இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் இதே பிரிவினை தெரிந்தது. முதியவர்களுக்குச் சொற்களையும் படங்களையும் காட்டியபோது பதினொன்றிலிருந்து இருபது வயது வரையிலான நினைவுகள் வந்தன. வாசனையைக் காட்டியபோது பத்து வயதுக்கு முந்தியவை வந்தன. மூக்கு குழந்தைப் பருவத்துக்குப் போகிறது. காது விடலைப் பருவத்துக்குப் போகிறது என்று என் அனுபவத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்வதும் உண்டு. எங்கள் தெருவில் ஓர் அக்கா பதினெட்டு வயதிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகிறார். ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கிற செக்‌ஷன். விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் அவர் கேட்ட பாட்டு, எஸ்5 குழுவின் 'மலரே'. எஸ்.எஸ். மியூசிக் சேனல் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்த ஐந்து பேர் சேர்ந்த குழு அது. 2005 வாக்கில் தென்னிந்தியாவில் டிவி பார்த்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பாட்டு தெரியும். குழு நிலைக்கவில்லை. அதில் ஒருவரான பென்னி தயாள் பிறகு ஏ.ஆர். ரஹ்மான் படங்களில் பாடிப் பெரிய பாடகரானார். அக்காவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. "அந்தப் பாட்டு வந்தா எனக்கு சொல்யூஷன் வாசன வருது தம்பி" என்றார். தோலையும் துணியையும் ஒட்டுகிற பசையைத்தான் சொல்யூஷன் என்பார்கள். "மொத மாசம் தல சுத்தும். பஸ்ஸுல ஜன்னல் ஓரம் உக்காந்து இந்தப் பாட்டு கேட்டுக்கினே வருவேன். மொத சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு குக்கர் வாங்குனேன்." குக்கர் எந்தக் கடையில் வாங்கியது, என்ன விலை, விசில் போடாமல் இரண்டு நாள் எப்படி வதைத்தது என்று கால் மணி நேரம் பேசினார். ஒரு பாட்டைப் பற்றிக் கேட்டதற்கு ஒரு குடும்பம் தலை நிமிர்ந்த கதை கிடைத்தது.

என்னுடைய பாட்டு 'மடை திறந்து'. மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில் வந்தது. எங்களுக்கு அது கேசட்டாக வரவில்லை. செல்போன் கடையில் மெமரி கார்டில் ஏற்றினோம். பிறகு ரயில்வே மைதானத்தில் உட்கார்ந்து ப்ளூடூத்தில் ஒருவனிடமிருந்து ஒருவன் வாங்கினோம். பாதியில் அறுந்தால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும், இரண்டு போனையும் ஒட்டி வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் காத்திருப்போம். மலேசியாவில் அவர்கள் பெரிய ஆட்கள். இங்கே சினிமாவிலும் பிறகு ராப் பாடினார்கள். ஆனால் என் கூட்டாளிகளைக் கேட்டால் அந்த ஒரு பாட்டைத்தான் சொல்வார்கள்.

ஒரு நாள் அதை வீட்டில் சத்தமாக வைத்தேன். சமையலறையிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். அந்தப் பாட்டுக்குள்ளே 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தில் எஸ்.பி.பி. பாடிய மெட்டு இருக்கிறது. நான் ராப்பைக் கேட்டேன், அப்பா எஸ்.பி.பி.யைக் கேட்டார், ஒரே நேரத்தில், ஒரே போனிலிருந்து. கிரம்ஹான்சல் 2013-இல் எழுதிய ஆய்வு நினைவுக்கு வருகிறது. இருபது வயது மாணவர்களுக்கு அரை நூற்றாண்டு ஹிட் பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். தங்கள் காலப் பாட்டுகள் மட்டுமல்லாமல், தங்கள் பெற்றோர் இளைஞர்களாக இருந்த எண்பதுகளின் பாட்டுகளிலும், தாத்தா பாட்டி தலைமுறையோடு ஒத்துவரும் அறுபதுகளின் பாட்டுகளிலும் அவர்களுக்குச் சொந்த நினைவுகள் இருந்தன. நினைவு மேடு அடுக்கடுக்காக வீட்டுக்குள்ளேயே கைமாறுகிறது. நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னால் வந்த சுராங்கனி எனக்குச் சொந்தமானது இந்த வழியில்தான்.

ஏன் சிலருக்கு ஒரே பாட்டு? சரக்கு அவ்வளவுதான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை என்று காட்டும் ஒரு சோதனை 2006-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. சால்கானிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூவர், பெயர் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அடுத்தவர் எதை எடுத்தார் என்று தெரியாமல், தங்கள் காதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்களை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் எடுத்தார்கள் என்று தெரிய வைத்தார்கள். எட்டு உலகிலும் அதே 48 பாட்டுதான். ஆனால் எட்டு உலகிலும் எட்டு விதமான ஹிட். ஓர் உலகில் முதலிடம் பிடித்த பாட்டு இன்னோர் உலகில் 40-வது இடத்தில் கிடந்தது. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானது உச்சிக்கு வந்ததும் அரிது. இடையிலிருந்த எல்லாம், முதலில் யார் கை எதன் மேல் பட்டது என்பதைப் பொறுத்து மேலும் கீழும் போயின. ஒரு பாட்டு தூக்கிவிடப்பட்டதில் அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு பங்கு என்றால், அடுத்த பாட்டு தூக்கிவிடப்படாததிலும் அதே பங்கு இருக்கத்தானே வேண்டும்? பாடகரின் மேல் மட்டும் எப்படிப் பழி போட முடியும்?

அதிர்ஷ்டம் மட்டுமே என்றும் சொல்ல மாட்டேன். ஸ்டான்ஃபோர்டின் ஜஸ்டின் பெர்க், 1959 முதல் 2010 வரை அமெரிக்க இசையுலகில் வந்த சுமார் 69,000 கலைஞர்களின் 30 லட்சம் பாட்டுகளைக் கணினியில் அலசினார். முதல் ஹிட் வரும்போது கையில் வேறு வேறு விதமான, புதுமையான பாட்டுகளை வைத்திருந்தவர்கள் தொடர்ந்து ஹிட் கொடுத்தார்கள். அப்போதைய சந்தை கேட்டதையே செய்து ஜெயித்தவர்கள் பெரும்பாலும் அதோடு நின்றுபோனார்கள். ஆனால் புதுமையானவர்களுக்கு முதல் ஹிட் கிடைப்பதே கஷ்டம். முதல் ஹிட்டுக்குப் பிறகு எல்லோரும் அதே மாதிரி இன்னொன்று கேட்பார்கள், கையிருப்பில் வேறு இல்லாதவர் அதையே திருப்பித் தருவார், ஊர் சலித்துக்கொள்ளும்.

மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அன்று வந்த செய்திகளில் எல்லாம் அந்தப் பாட்டின் பெயர் இருந்தது.

அப்பா ஓய்வு பெற்றுவிட்டார். ரயிலில் அந்தப் பாட்டைக் கேட்ட மறுநாள், யூடியூபில் தேடித் துப்புரவான ஒலிப்பதிவு ஒன்றை எடுத்து அவர் காதருகே வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். "இது அது இல்ல. இதுல மூச்சே வாங்கல" என்றார். அவருக்குப் பாட்டின் ஒலியோடு அயனி மண்டலமும் சேர்ந்து பதிந்திருக்கிறது. எனக்கு ஒரு பயமும் வந்தது. ஒரு நினைவை எடுக்கும்போதெல்லாம் அது கொஞ்ச நேரம் இளகிப்போய்த் திரும்பவும் உறைகிறது என்று 2000-இல் கரீம் நாதர் எலிகளை வைத்துக் காட்டினார். இளகியிருக்கும் அந்த நேரத்தில் அது மாறவும் கூடும், அழியவும் கூடும். எலியின் பயத்தில் கண்டது மனிதரின் பாட்டு நினைவுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது வேறு விஷயம். ஆனால் சுமை ஏறுவது உறுதி. கைக்கெட்டும் தூரத்தில் எந்நேரமும் கிடக்கும் பாட்டை மறுபடி மறுபடி போட்டால், மேல்பட்டிக் கல்யாணத்தின் பக்கத்தில் இன்றைய டிராஃபிக்கும் வந்து ஒட்டிக்கொள்ளும். 'மடை திறந்து'வை நான் இப்போது வருஷத்துக்கு ஒரு முறைக்கு மேல் கேட்பதில்லை. அந்த மைதானத்தை அப்படியே வைத்துக்கொள்ள ஆசை.

"நிறுத்தாத, ஓடட்டும்" என்றார் அப்பா. கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தார். சொற்களைச் சரியாகச் சொன்னார், மூச்சுக்கு இடம் விட்டார். பாதியில், ரயிலில் என் வாய் நின்ற அதே இடத்தில், அவரும் நின்றார். போனில் பாட்டு தொடர்ந்தது. எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கேசட்டில் மிச்சமிருந்தது மூன்று நிமிடம்கூட இல்லை. கடைக்கார அண்ணன் கணக்குத் தவறிப் பதிந்திருந்தார். அந்த இடத்தில் நாடா முடிந்துவிடும்.

பழகிய பாட்டுத்தட்டில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் வருகிற மௌனத்திலேயே, வரப்போகிற பாட்டுக்கு மூளை தயாராகிவிடுகிறது என்று ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 2009-இல் கண்டிருக்கிறார்கள். கேட்கப்போவதை உடம்பு முன்கூட்டியே செய்கிறது. அப்பா கண்ணைத் திறக்கவில்லை. வலது கை மட்டும் கட்டிலின் ஓரத்தில், டேப்ரெக்கார்டர் இருந்த உயரத்துக்கு எழுந்து, கேசட்டைத் திருப்பிப் போடுவதற்காகக் காற்றில் தேடியது.